காலியாக விடாதவள்

பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்கு விவரம் சேகரிக்கும்போது அங்க அடையாளம் இரண்டு எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். நம் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் சொல்லிவைத்த மாதிரி இரண்டு மச்சம் இருக்கும். இல்லாதவர்கள் வலது முழங்கைக்குக் கீழே ஒன்று இருப்பதாக எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். எந்த அதிகாரி வந்து கையை மடக்கிப் பார்க்கப் போகிறார்? என்னோடு படித்த அவளுக்கு மட்டும் ஒரே ஒரு மச்சம், கழுத்தில் இடது பக்கம். மூன்று நாள் அந்தப் படிவத்தைக் கொடுக்காமல் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். வகுப்பு டீச்சர் பொறுமை இழந்துவிட்டார்.

“எதையாவது எழுதித் தொலையேம்மா.”

“இல்லாதத எப்படி மிஸ் எழுதறது?”

“அப்ப விட்டுடு.”

“காலியா எப்படி மிஸ் விடறது?”

நான்காம் நாள் ரயில்வே கேட் பக்கத்தில் சைக்கிளிலிருந்து விழுந்தாள். முழங்காலில் சதை பெயர்ந்து ஐந்து தையல். மறுநாள் நொண்டிக்கொண்டே வந்து என்னிடம் சொன்னாள்: “எனக்கு ரெண்டாவது அடையாளம் கிடைச்சிடுச்சுடி!” அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! வலது முழங்காலில் தழும்பு என்று அச்சு மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். நான் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. இப்படி ஒருத்தியை இந்த உலகத்தில் தனியாக நடமாட விட்டதே தப்பு.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். எனக்குத்தான் கை கூசுகிறது.

ப்ளஸ் டூ படிக்கும்போது மருத்துவ, பல் மருத்துவ நுழைவுத்தேர்வு விண்ணப்பத்தை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் பூர்த்தி செய்தோம். அதில் ஃபாக்ஸ் எண் என்று ஒரு கட்டம். முத்தியால்பேட்டையில் ஓட்டு வீட்டில் இருப்பவளுக்கு ஃபாக்ஸுக்கு எங்கே போவது? நான் தாண்டிப் போனேன். அவள் “இல்லை” என்று எழுதினாள். மாற்றுத் தொலைபேசி எண், “இல்லை.” கணவர் பெயர், திருமணமானவராக இருந்தால், என்று ஒரு வரி. அதற்கும் பேனாவை எடுத்தாள்.

“இல்லைன்னு எழுதாதடி. இன்னும் இல்லைன்னு எழுது. உங்கப்பாதான் ரெடி பண்ணிட்டு இருக்காரே,” என்றேன்.

“சும்மா இருடி,” என்றாள். ஆனால் பேனா அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றது.

அவள் அப்பா ஒரு அரசு அலுவலகத்தில் பியூன். ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலமும் இருந்தது. அலுவலகத்தில் அவர் வேலை, வருகிறவர்களின் படிவங்களை வாங்கிப் பார்த்து, ஏதாவது இடம் காலியாக இருந்தால் திருப்பிக் கொடுப்பது. அதை அவர் ஒரு நேர்த்திக்கடன் மாதிரி செய்வார். அதற்குக் காரணம் இருந்தது. பிரெஞ்சுக்காரன் இந்த ஊரை விட்டுப் போனபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்கிறவர்கள் கெடுவுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். அவருடைய அப்பா தாளை வாங்கி வந்து, நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று அரிசிப் பானைக்கு மேலே வைத்திருந்தாராம். கெடு போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அவர் எழுதிக் கொடுத்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் பாரீசில் இருந்தார்கள். விடுமுறைக்கு வரும்போது சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டுவந்து தெருவுக்கே கொடுப்பார்கள்.

“எங்கப்பா அன்னிக்கு ஒரு தாளைக் காலியா விட்டாரு. நாங்க எல்லாம் இங்க நின்னுட்டோம்,” என்பார் அவள் அப்பா. வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பி கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கதை. அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் அவள். வேறு எப்படி இருப்பாள்?

அந்த சொல்தா வீட்டுப் பேரன் பிரான்சில் வேலையில் இருந்தான். ஒரு லீவுக்கு வந்தபோது அவள் தண்ணீர்க் குடத்தோடு போவதைப் பார்த்தானாம், பிடித்துவிட்டதாம். அந்த வீட்டு அம்மா ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். “பொண்ணுக்கு பிரெஞ்சு தெரிஞ்சிருக்கணும். அங்க வந்து ஊமையாட்டம் நிக்கக் கூடாது.” அவ்வளவுதான். மறுவாரமே அவள் அப்பா அவளை மாலை பிரெஞ்சு வகுப்பில் சேர்த்துவிட்டார். ப்ளஸ் டூ ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

காலை ஆறிலிருந்து எட்டு வரை நுழைவுத்தேர்வுக் கோச்சிங். ஒன்பதிலிருந்து நாலு வரை பள்ளிக்கூடம். ஐந்திலிருந்து ஏழு வரை பிரெஞ்சு. சனி, ஞாயிறு முழுக்க மறுபடியும் கோச்சிங். எனக்கு பிரெஞ்சு கிடையாது, அதற்கே நான் வீட்டில் தட்டைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தேன். அவள் ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. சலித்துக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பள்ளிக்கும் பிரெஞ்சு வகுப்புக்கும் நடுவே, நடக்கிற நேரம் போக, அரை மணி நேரம் இருக்கும். எங்கள் வீடு குருசுக்குப்பத்துக்கு இந்தப் பக்கம். அங்கே கடலோரம் கொட்டியிருக்கிற கருங்கற்களின் மேல் இரண்டு பேரும் போய் உட்கார்ந்துகொள்வோம். சுண்டல் பொட்டலத்தைப் பிரிப்போம். தின்றுகொண்டே விலங்கியலை நான் கேட்பேன், அவள் சொல்வாள். மண்டை நரம்புகள் பன்னிரண்டையும் வரிசையாகச் சொல்லி முடித்த அதே மூச்சில் பிரெஞ்சு வினைச்சொற்களை முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவாள். பிரெஞ்சு நோட்டின் ஓரமெல்லாம் பல் படமாக இருக்கும். வெட்டுப்பல், கோரைப்பல், மூன்று வேர் உள்ள கடைவாய்ப் பல். பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த மதாம் ஒருநாள் நோட்டை விரித்துப் பார்த்துவிட்டு, “இதென்ன, உன் நோட்டு கடிக்கும்போல இருக்கே?” என்று கேட்டாளாம்.

எங்கள் கோச்சிங்கில் இருந்த நூற்றுச் சொச்சம் பேரில் எல்லோருக்கும் எம்.பி.பி.எஸ்.தான் வேண்டும். பல் மருத்துவம் என்பது அது கிடைக்காவிட்டால் போகிற இடம். என் அப்பா வெளிப்படையாகவே சொல்வார், “அரை டாக்டர்தான், இருந்தாலும் டாக்டர்.” முதலிலிருந்தே பல் மருத்துவம்தான் வேண்டும் என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். காரணம் அவள் அம்மா.

அந்த அம்மாவுக்கு மேல் வரிசையில் முன்பற்கள் இரண்டு கிடையாது. கல்யாணமான புதிதில் குழாயடியில் வழுக்கி விழுந்து உடைந்தவை. அதற்கப்புறம் சிரித்தால் உடனே கை வாய்க்குப் போய்விடும். பேசும்போதும் புடவைத் தலைப்பு உதட்டருகில் இருக்கும். வீட்டில் மாட்டியிருந்த எந்தப் போட்டோவிலும் அந்த அம்மா வாயைத் திறந்ததில்லை.

“எங்கம்மா சிரிச்சு நான் முழுசாப் பார்த்ததில்லடி. பாதி முகம்தான் பார்த்திருக்கேன்,” என்றாள் ஒருநாள், கல்லின் மேல் உட்கார்ந்து. “அந்த ரெண்டு பல்லையும் நான்தான் வைப்பேன். வேற யாரையும் தொட விட மாட்டேன்.”

எனக்கு அப்படிப்பட்ட காரணம் எதுவும் இல்லை. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட வேண்டும், அப்பாவின் வாய் மூட வேண்டும், அவ்வளவுதான். அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். “அதுவும் நல்ல காரணம்தான்டி,” என்றாள். அவள் கிண்டல் செய்யவில்லை, அதுதான் கொடுமை.

கோச்சிங்கில் வாராவாரம் மாதிரித் தேர்வு வைப்பார்கள். தப்பான விடைக்கு மார்க்கைக் கழிப்பார்கள். தெரியாத கேள்வியை விட்டுவிட வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம். அவளுக்கு மட்டும் அது ஏறவே இல்லை. பள்ளிக்கூடத்தில் எதையாவது எழுதி வைத்தால் அரை மார்க்காவது விழும் என்று சொல்லியே வளர்க்கிறார்கள், வீட்டிலோ காலி இடம் என்றாலே சாபம். ஒரு கட்டம் விடாமல் கறுப்பாக்கிவிட்டு வருவாள். நூற்றைம்பது சரியாகப் போட்டவள், மீதி எல்லாவற்றையும் குருட்டாம்போக்கில் தீட்டி, நூற்று முப்பதுக்கு வந்து நிற்பாள். நான் அவளைவிடக் குறைவாகத் தெரிந்துகொண்டு அவளுக்கு மேலே இருந்தேன்.

நான்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, கணக்குத் தீர்க்கவும் சொல்லவில்லை. நடந்தது அது. அதே கருங்கல்லின் மேல் உட்காரவைத்து, பழைய வினாத்தாளைக் கொடுத்து, “தெரியலன்னா பேனாவக் கீழ வைடி,” என்று கத்துவேன். அவள் வலது கை கட்டத்தை நோக்கிப் போகும். இடது கையால் அதை மணிக்கட்டில் பிடித்துக்கொள்வாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும்.

“ஏதோ தப்பு பண்ணற மாதிரி இருக்குடி.”

“தப்பே இல்ல. தெரியாததக் காலியா விடு. அதான் புத்திசாலித்தனம்.”

இரண்டு மாதம் ஆயிற்று. கடைசியில் விடப் பழகிக்கொண்டாள். அடுத்த மாதிரித் தேர்விலேயே என்னைத் தாண்டிவிட்டாள். பட்டியலை ஒட்டியிருந்த சுவருக்கு முன்னால் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். நானும் குதித்தேன். என் வயிறு எரிந்தது அவளுக்குத் தெரியாது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

பிரெஞ்சுத் தேர்வும் நுழைவுத்தேர்வும் ஒரே மாதத்தில், பத்து நாள் இடைவெளியில் வந்தன. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனையைச் சொன்னேன்.

“பிரெஞ்சுல ஃபெயில் ஆயிடுடி. மாப்பிள்ள வீட்டுக்காரங்க தானா வேற எடம் பார்த்துக்குவாங்க. உனக்கு நிம்மதி.”

“நானும் யோசிச்சேன்,” என்றாள். “நேத்து வீட்டுல ஒரு தாள் எடுத்து வெச்சு தப்பா எழுதிப் பார்த்தேன். கை வரலடி. தெரிஞ்சத எப்படித் தப்பா எழுதறது?”

“அடிப்பாவி! எல்லாத்தையும் காலியா விட்டுட்டு வா. அதான் கத்துக்கிட்டியே.”

“தெரியாததத்தான விடச் சொன்ன? இது எல்லாம் தெரியுமே.”

தலையில் அடித்துக்கொண்டேன். அந்தத் தேர்வில் அவள்தான் முதல். அவள் அப்பா அலுவலகம் முழுக்க லட்டு கொடுத்தார். சொல்தா வீட்டு அம்மா அடுத்த வெள்ளிக்கிழமையே தாம்பாளத்தோடு வந்துவிட்டாள். தன் கையாலேயே தன் கழுத்தில் கயிறு மாட்டிக்கொள்வது என்பார்களே, அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

ஆனால் நுழைவுத்தேர்விலும் அவளுக்கு நல்ல இடம் வந்தது. பட்டியலில் அவள் பெயர், அதற்கு அடுத்து என் பெயர். தன் அப்பாவிடம் வாழ்க்கையில் முதல் தடவையாக எதிர்த்துப் பேசினாள். அவர் கெட்டவர் இல்லை, பாவம். மாப்பிள்ளை வீட்டில் கேட்டுவிட்டு வந்து சொன்னார்: “சீட்டு ஆர்டர் கையில வந்துச்சுன்னா அஞ்சு வருஷம் காத்திருக்கேன்றாங்க. டாக்டர் பொண்ணுன்னா அவங்களுக்கும் கௌரவம்தான? வரலன்னா ஆவணியில கல்யாணம். ஆனா நிச்சயம் இப்பவே. தேதிய மாத்த மாட்டாங்க, பையன் லீவு முடிஞ்சு பிளேன் ஏறிடுவான், கல்யாணம்னாதான் மறுபடி வருவான்.”

அவர்கள் குறித்த நிச்சயதார்த்தத் தேதியும் கவுன்சலிங் தேதியும் ஒரே நாளில் வந்து விழுந்தன.

அன்றைக்கு அவள் வீட்டில் ஒருத்தருக்கும் நகர முடியாது. விண்ணப்பதாரர் வர முடியாவிட்டால், அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தோடும் அசல் சான்றிதழ்களோடும் வேறொருவர் வரலாம் என்று விதி இருந்தது. முதல்நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சான்றிதழ்களை அடுக்கிய ஒரு பச்சை ஃபைல். அதற்குள் ஒரு நீளமான கவர், கடிதம் அதில் இருந்தது. கவரின் மடிப்பில் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டியிருந்தாள். கோந்து தீர்ந்துவிட்டதாம்.

“எல்லாம் எழுதிட்டேன். ஒரு எடம் விடல. நீ குடுத்தா போதும்.” பிறகு சிரித்தாள். “இன்னும் நாலு சீட்டு மிச்சம் இருக்குதுடி நம்ம கோட்டாவுல. நமக்கு முன்னால இருக்கறவங்க ரெண்டே பேரு. மூணாவது நானு, நாலாவது நீ. ஒரே கிளாஸ்ல ஒக்காருவோம்.”

அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. மறுநாள் காலை அந்த ஹாலில் நான் உட்கார்ந்தபோது கரும்பலகையில் நாலு என்றே எழுதியிருந்தது. பிறகு ஒருவர் வந்து எதையோ காதில் சொல்ல, அழித்துவிட்டு மூன்று என்று எழுதினார்கள். ஏனென்று யாருக்கும் சொல்லவில்லை. முன்னால் இருந்த இரண்டு பேரும் எழுந்து போய் வாங்கிக்கொண்டார்கள். பலகையில் ஒன்று.

மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கவர் என் மடியில் இருந்தது. நான் எழுந்திருக்கத்தான் போனேன். இதை நான் இத்தனை வருடமாக எனக்கே சொல்லிக்கொள்கிறேன், எழுந்திருக்கத்தான் போனேன் என்று. பக்கத்தில் இருந்த அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். அழுத்திக்கூடப் பிடிக்கவில்லை.

“உக்காரு,” என்றார், பலகையைப் பார்த்துக்கொண்டே.

இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் தடவை கூப்பிட்டுவிட்டு, மேஜையில் இருந்தவர் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஏதோ எழுதினார். அடுத்து என் பெயர். அப்பா கையை எடுத்துவிட்டார். நான் எழுந்து நடந்தேன். கால் தடுக்கவில்லை, குரல் நடுங்கவில்லை. கையெழுத்துப் போடப் போனபோது அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்தேன். வரவில்லை என்று இருந்தது.

மொபெட்டில் திரும்பும்போது அப்பா சொன்னார், “நாம யாரையும் தள்ளிவிடல. சும்மா உக்காந்திருந்தோம், அவ்வளவுதான்.” மனதுக்குள் அந்த வாக்கியத்தை நன்றாகத் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு நிறையத் தடவை தேவைப்பட்டது.

சாயங்காலம், கவரைத் திரும்பப் பச்சை ஃபைலுக்குள் செருகி எடுத்துக்கொண்டு நிச்சயதார்த்த வீட்டுக்குப் போனேன். வாசலில் சீரியல் பல்பு, உள்ளே பட்டுப்புடவையில் அவள். அத்தனை தலைகளுக்கு மேலாக என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. கொஞ்ச நேரம் கழித்துப் பின்கட்டுக்கு வந்தாள்.

“லெட்டரெல்லாம் வாங்க மாட்டோம், ஆளு நேர்ல வரணும்னுட்டாங்கடி,” என்றேன். “எவ்வளவோ கெஞ்சினேன்.”

துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று பார்த்தேன்.

“உனக்கு?”

“கிடைச்சிடுச்சு.”

“நல்லவேளை. ரெண்டு பேருக்கும் இல்லாம போயிடல.” ஃபைலை வாங்கிக்கொண்டாள். “அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ சாப்ட்டு போ.”

நான் சாப்பிட்டேன். பாயசம் இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன். ஆவணியில் நடந்த கல்யாணத்திலும் கூடவே நின்று அவள் தலையில் பூவைச் சரிசெய்தேன். விசாவுக்கான படிவங்களை மணமேடையிலிருந்து இறங்கிய மறுநாளே அவள் எழுதி முடித்துவிட்டதாகவும், ஒரு திருத்தம்கூட இல்லாமல் போயிற்று என்றும் அவள் அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பல் மருத்துவக் கல்லூரியில் முதல் வருடம் மெழுகுக் கட்டியில் பல்லைச் செதுக்கச் சொல்வார்கள். எனக்கு ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை. “இதென்ன பல்லா, புளியங்கொட்டையா?” என்று வகுப்புக்கு முன்னால் கேட்டார்கள். கத்தியைப் பிடித்தபடி ஒவ்வொரு தடவையும் அந்த பிரெஞ்சு நோட்டின் ஓரங்களை நினைத்துக்கொள்வேன். நினைத்தால் இன்னும் மோசமாக வரும். எப்படியோ தேறினேன், முத்தியால்பேட்டைக்குப் போகிற சாலையில் ஒரு சின்ன கிளினிக்கும் வைத்தேன்.

ஏழெட்டு வருடம் கழித்து, ஒரு கோடை லீவில், அவள் உள்ளே வந்தாள். முடியைக் கழுத்தளவு வெட்டியிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா, தலைப்பு உதட்டருகில்.

“அம்மாவுக்கு அந்த ரெண்டு பல்லு வைக்கணும். உன்கிட்டதான் வைக்கணும்னு கூட்டியாந்தேன்,” என்றாள்.

ஊரில் வேறு டாக்டரே இல்லையா? இருந்தார்கள். என்னைவிடக் கைத்திறன் உள்ளவர்கள் நாலு தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள்.

வரவேற்பில் இருந்த பெண் நோயாளி படிவத்தைக் கொடுத்தாள். அவளே வாங்கி எழுதினாள். அந்த அச்சு எழுத்து மாறவே இல்லை. அம்மாவின் வயது, சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, ஒவ்வாமை இல்லை, இல்லை, இல்லை. கீழே அழைத்து வந்தவர் விவரம். பெயர், உறவு, இரண்டு நாட்டுத் தொலைபேசி எண்கள். தொழில் என்ற இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இத விட்டுட்டியேடி?”

“அதுவா? அங்க ஒரு முதியோர் இல்லத்துல வேலை பார்க்கறேன். குளிப்பாட்டறது, சோறு ஊட்டறது. காலைல முதல் வேலை, இருபது பேரோட பல் செட்டைக் கழுவி, யாருது யாருதுன்னு மாறாம வைக்கறது.” சிரித்தாள். “அதுக்கு பிரெஞ்சுல ஒரு பேரு இருக்கு. தமிழ்ல என்னன்னு தெரியல. தெரியாததக் காலியா விடுன்னு நீதான சொல்லிக்குடுத்த?”

நான்கு தடவை வந்தார்கள். இரண்டு பக்கத்துப் பல்லையும் ராவி, அளவெடுத்து, நிறம் பார்க்கிற அட்டையை அந்த அம்மாவின் உதட்டருகே பிடித்து நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “அது இல்லடி, அதுக்கு அடுத்தது,” என்றாள். அதற்கு அடுத்ததுதான் சரியாக இருந்தது. நான்தான் வைத்தேன், அந்த இரண்டு பல்லையும். கடைசி நாள் ஒட்டி முடித்துக் கண்ணாடியைக் கொடுத்ததும் அந்த அம்மா சிரித்தாள். பழக்கத்தில் கை வாய்க்குப் போயிற்று. அவள் அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள். முழு முகத்தையும் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

அம்மாவை வெளியே ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டுக் கைப்பையை எடுக்க மறுபடி உள்ளே வந்தாள். எனக்கு எப்படியோ வார்த்தை வாயில் வந்துவிட்டது.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு கவுன்சலிங்ல…”

“கவர் ஒட்டினது ஒட்டினபடி இருந்துச்சு,” என்றாள். குரல் உயரவில்லை. “சோத்துப் பருக்கைகூட அப்படியே காஞ்சுபோயிருந்துச்சு. நீ குடுத்திருந்தா அவங்க பிரிச்சுப் பார்த்துட்டுத்தான வேணாம்னு சொல்லியிருப்பாங்க? அன்னிக்கு ராத்திரியே பார்த்துட்டேன்.”

“ஏன்டி என்னைக் கேக்கல?”

“கேட்டிருந்தா இன்னொரு பொய் எழுதி ரொப்பியிருப்ப. அதான் விட்டுட்டேன்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “அம்மா சிரிப்பு நல்லா இருக்குடி. வரேன்.”

ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது. நான் கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றேன். முன்னறையில் வரவேற்புப் பெண், தேங்கிக் கிடந்த படிவங்களைப் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“மேடம், இந்தம்மா தொழில் எழுதல. காலியா விட்டா இது சேவ் ஆக மாட்டேங்குது. என்ன போடட்டும்?”

நான் கையுறையைக் கழற்றினேன். அந்தப் பெண் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள், பிறகு அவளாகவே ஹவுஸ்வைஃப் என்று அடித்தாள். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது.